தட்டின் மேல் கல்

ஜனவரி பிறந்ததிலிருந்து லார்க்கின் கவுண்டி வெயிலைப் பார்க்கவே இல்லை. மலைக்கும் மலைக்கும் நடுவே மேகம் நனைந்த கம்பளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கெண்டக்கி மாகாணத்தின் இந்த மூலையில் நிலக்கரி தீர்ந்தது, வேலை தீர்ந்தது, இளவட்டங்கள் தீர்ந்தார்கள். தீராமல் மிச்சம் இருந்தவர்கள் வயசானவர்கள்தான். அவர்களுக்குச் சோறு போடும் வேலை வெர்னா கேஹார்ட்டின் தலையில் விடிந்து பதினோரு வருஷம் ஆகிறது.

முதியோர் மையத்தின் சமையலறையில் காலை ஐந்து மணிக்கே அடுப்பு எரியும். பின்டோ பயறு முந்தின நாளே ஊறிக் கிடக்கும். பன்றித்தொடை எலும்பைப் போட்டு அதை வேகவிட்டுவிட்டு, மக்காச்சோள ரொட்டிக்கு மாவு கரைப்பார்கள். பயறு, ரொட்டி, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ஒரு கரண்டி பீச் பழம், ஒரு பால் டப்பா. எல்லாவற்றையும் தட்டில் பிரித்து, மேலே தாளை ஒட்டி மூடி, சூடு ஆறாத பெட்டியில் அடுக்கினால் பத்து மணிக்கு வண்டிகள் கிளம்ப வேண்டும். பத்தேகால் ஆனால் வெர்னாவின் வாய் சும்மா இருக்காது.

அன்றைக்கு வாய் சும்மா இருந்தது. அவள் கையில் மேலாபீஸ் கடிதம் இருந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் ரோடுகளுக்கு அடுத்த மாதத்திலிருந்து சூடான சாப்பாடு கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உறைந்த சாப்பாட்டுப் பெட்டி வரும். வீட்டிலேயே சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது.

"பத்துப் பேரா?" என்றான் லோவெல். முப்பது வருஷம் கரி லாரி ஓட்டி முதுகை உடைத்துக்கொண்டவன், இப்போது சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறான். "ஸ்பைஸ்வுட் ஓடை ரோட்டுல பத்துப் பேருக்கு எங்க போறது? கல்லறையில இருக்கறவங்களச் சேத்தா வேணா தேறும்."

"உன் நக்கலக் கொண்டுபோயி மேலாபீஸ்ல வையி."

"நான் சொல்லல, ரோடு சொல்லுது. ஒரே வீடு. ரெண்டே பேரு. அதுலயும் ஒருத்திக்கு நான் யாருன்னே தெரியாது. வாரத்துல மூணு நாளு என்னை அவ தம்பிங்கறா, ரெண்டு நாளு திருடங்கறா."

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒருத்தி டெல்ஃபியா ஸ்டிடம். அதே ஸ்பைஸ்வுட் ரோட்டில் இருபத்திரண்டு வருஷம் சாப்பாட்டு வண்டி ஓட்டியவள். வெர்னா இந்த வேலைக்கு முதன்முதலாக வந்தபோது அவள் வண்டியில்தான் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் படித்தாள். வாசலில் நின்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும், லிஸ்டில் அவர்கள் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்க வேண்டும், அதற்கப்புறம்தான் தட்டைக் கொடுக்க வேண்டும். வண்டியில் இருக்கும் சாப்பாட்டில் வேலைக்காரர்கள் ஒரு கரண்டிகூட வாயில் வைக்கக் கூடாது. டெல்ஃபியா இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட வைத்ததில்லை. பசித்தால் சட்டைப் பையில் இருக்கும் உப்பு பிஸ்கட்டைத் தின்பாள்.

ஆனால் அவளிடம் இரண்டு வம்புகள் இருந்தன. மாட்டைப் பார்க்கப் போன கிழவன் வாசலில் இல்லை என்றால், தட்டைத் தாழ்வாரத்து நாற்காலியில் வைத்து, நாய் தள்ளிவிடாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்துவிடுவாள். அப்புறம், பசியோடு யாரையாவது பார்த்தால் லிஸ்டின் அடியில் அவர்கள் பெயரைத் தானே பேனாவால் எழுதிக்கொள்வாள். வெர்னா பொறுப்புக்கு வந்ததும் இரண்டையும் நிறுத்தினாள். "அச்சடிச்ச பேருக்குத்தான் சாப்பாடு. ஆளு இல்லாத வாசல்ல சாப்பாடு கிடையாது. ரெண்டு தடவை கதவு திறக்கலேன்னா பேரை அடிச்சிரணும்." அன்றைக்கு இருவருக்கும் பெரிய சண்டை. மறுவருஷம் டெல்ஃபியா வேலையை விட்டாள். கொஞ்ச நாளில் அவளுக்கு நினைவு தவற ஆரம்பித்தது.

மாதக் கடைசி நாள் வெர்னாவும் லோவெலோடு வண்டியில் ஏறினாள். தபாலில் சொல்லிவிடக் கூடிய சங்கதி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஓடையை ஒட்டி ஏறும் ரோட்டில் முதல் வளைவில் ஓவா ஸ்லோனின் வீடு, அடுத்து டீட்டன் அக்கா தங்கை இருவரின் வீடு, அதற்கு மேல் ஹார்லன் நோபிளின் வீடு. மூன்றும் பூட்டிக் கிடந்தன. ஓவா செத்துப்போனான். டீட்டன் சகோதரிகளை ஒஹாயோவில் இருக்கும் அண்ணன் மகன் கூட்டிப்போய்விட்டான். ஹார்லன் எங்கே போனான் என்றே ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொரு பெயரையும் லிஸ்டிலிருந்து வெர்னாதான் அடித்தாள். தாழ்வாரத்து நாற்காலிகள் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தன.

ஸ்டிடம் வீட்டு வாசலில் லோவெல் நின்று குரல் கொடுத்தான். "டெல்ஃபியா ஸ்டிடம்! சாப்பாடு!"

கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக டெல்ஃபியா நின்றாள். "என் பேரு இருக்கா?"

"இருக்கு மகராசி. பாத்துக்க."

அவள் லிஸ்டை வாங்கி விரலை வைத்து மேலிருந்து கீழே படித்து, தன் பெயரைக் கண்டுபிடித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தட்டோடு மேசைக்குப் போய் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். இதைத் தினமும் பார்க்கிற லோவெலுக்கு ஒன்றும் விசேஷமில்லை. வெர்னாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு மனசெல்லாம் சொல்ல வந்த விஷயத்தில் இருந்தது.

புருஷன் ஆர்பின் எண்பத்து மூன்று வயசுக்காரர். சுரங்கத்தில் பாதி மூச்சும், வயசில் பாதிக் கண்ணும் போனவர். அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டே வெர்னா சொன்ன சேதி முழுவதையும் கேட்டார். முடிந்ததும் அடுப்புக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"பெட்டியில வந்தா இவ திம்பாளாம்மா? நான் குடுத்தா ஒரு வாய் வாங்க மாட்டேங்கறா. முட்டை பொரிச்சு வச்சேன். அப்பிடியே கெடந்துச்சு. லோவெல் குடுத்தாத்தான் எறங்குது."

"டாக்டர் என்னண்ணே சொல்றாரு?"

"எண்பத்தெட்டு பவுண்டு இருக்கா. எண்பத்தஞ்சுக்குக் கீழ போனா வீட்டுல வச்சிருக்க விடமாட்டாங்களாம். மாசாமாசம் நர்ஸ் வந்து எடை பாக்குது. மலைக்கு அந்தப் பக்கம், எழுபது மைல்ல இருக்கே, அந்த ஹோமுக்குத்தான் கொண்டுபோவாங்க." ஆர்பின் கையைத் துடைத்துக்கொண்டார். "அங்க கொண்டுபோயிட்டா நான் எதுல போயி பாக்கறது? கண்ணு போனதும் லைசென்சப் புடுங்கிட்டாங்க. அறுவது வருசம்மா. ஒரு ராத்திரி தனியாப் படுத்ததில்ல."

வெர்னா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வரும்போதே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். டவுன் ரோட்டு லிஸ்டில் பியூலா கிழவி போன வாரம் செத்ததில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது. லோவெல் வேலை முடிந்து மேட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு இந்த வழியாகத்தான் போகிறான். டெல்ஃபியாவை டவுன் லிஸ்டில் சேர்த்துவிட்டால் ஒரு தட்டைச் சூடாக இங்கே இறக்கிவிட்டுப் போகலாம்.

"ஆனா அந்த எடத்துக்கு க்ளைடுன்னு ஒருத்தரு மூணு மாசமாக் காத்துக்கிட்டு இருக்காருண்ணே. சக்கரையில காலை எடுத்துட்டாங்க, ஒத்தையாளு. புதன்கிழமை வரைக்கும் நான் புடிச்சு வைக்கறேன். பெட்டிச் சாப்பாட்டை இவங்க திங்கலேன்னா ஒரு போன் போடுங்க. எடம் உங்களுக்கு."

"ஒத்தக்காலா?" என்று கேட்டார் ஆர்பின்.

"ஆமா."

"அடப் பாவமே."

முதல் மூன்று நாள் ஆர்பின் போன் பண்ணிப் புலம்பினார். உறைந்த தட்டைச் சூடு பண்ணி மேசையில் வைத்தால் டெல்ஃபியா அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தொட மாட்டேன் என்கிறாள். கெஞ்சினார், திட்டினார், ஊட்டியும் பார்த்தார். அவர் கையைத் தட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் வந்தது. குரலே மாறியிருந்தது.

"வெர்னா! திங்கறாம்மா! நேத்தும் தின்னா, இன்னிக்கும் தின்னுட்டா!"

"நெசமாவா?"

"நான் நின்னு பாத்தாத்தான் வீம்பு புடிக்கறா போல. வச்சிட்டுக் கன்னுக்குட்டிக்குத் தீவனம் போடப் போயிட்டேன். திரும்பி வந்தா தட்டையே காணோம். கழுவி எங்கயோ கவுத்து வச்சிட்டா. பழைய பழக்கம் விடுமா? கன்னமெல்லாம் செவந்து கெடக்கு. பொம்பள ஜோராத்தான் இருக்கா."

வெர்னாவுக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படியும் வாய் கேட்டது. "எதுக்கும் அந்த எடத்த இன்னும் ஒரு வாரம் வச்சிருக்கட்டுமாண்ணே?"

"வேணாம், வேணாம். அந்த ஒத்தக்கால் மனுசனுக்குக் குடு. திங்கறதுக்கு இருக்கறப்ப இன்னொருத்தன் தட்டப் புடிச்சி வச்சிருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

இந்த ஓடைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். தனக்கு வேண்டும் என்று கேட்க நாக்கு எழாது. வேண்டாம் என்று சொல்ல மட்டும் முந்திக்கொள்ளும். வெர்னா அன்றைக்கே க்ளைடின் பெயரை அச்சடித்தாள்.

இரண்டாவது பெட்டி கொண்டுபோகும் நாளில் லோவெலுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் வெர்னாவே வண்டியை எடுத்தாள். ரோட்டில் பனி உறைந்து கிடந்தது. முதல் வளைவில், ஓவா ஸ்லோனின் தாழ்வாரத்தில் காக்கைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. செத்தவன் வீட்டில் இவற்றுக்கு என்ன விருந்து என்று நினைத்தபடி வண்டியை மெதுவாக்கினாள். நாற்காலியில் என்னவோ வெள்ளையாகத் தெரிந்தது. இறங்கிப் போனாள்.

தட்டு. உறைந்த பெட்டியில் வரும் அதே தட்டு. மேலே ஓடையிலிருந்து எடுத்த உருண்டைக் கல். அடியில் இன்னும் மூன்று தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஓரங்களைக் காக்கைகள் கொத்திக் கிழித்திருந்தன. உள்ளே பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் கல்லாக இறுகிக் கிடந்தன.

டீட்டன் வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலிக்கு இரண்டாக நான்கு. டெல்ஃபியா அக்காளுக்கும் தங்கைக்கும் தனித்தனியாக வைத்திருந்தாள். ஹார்லன் நோபிளின் வாசலில் மூன்று. எல்லாவற்றின் மேலும் கல். பனியில் சின்னச் சின்னக் காலடிகள் போய்ப் போய் வந்திருந்தன. செருப்புக்கால் தடம். பூட்ஸ்கூட இல்லை. மூன்று வாசலிலும் வெர்னா கற்களைப் பிடுங்கிப் பனியில் வீசினாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் ஹார்லன் வீட்டுப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். லிஸ்டில் விரல் வைத்துப் பெயரைத் தேடிய அந்தக் கிழவியை அன்றைக்கு அவள் கண்ணால் பார்த்திருந்தாள். பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்காத சாப்பாடு டெல்ஃபியாவுக்கு அடுத்தவர் சாப்பாடு. வேலைக்காரி அதில் வாய் வைக்க மாட்டாள். ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். இதைத் தெரிந்திருக்க வேண்டிய ஆள் இந்தக் கவுண்டியிலேயே ஒருத்திதான். அந்த ஒருத்தி ஆபீசில் உட்கார்ந்து, தின்கிறாள் என்று எழுதி வைத்தாள்.

ஸ்டிடம் வீட்டில் ஆர்பின் உற்சாகமாக வரவேற்றார். "வாம்மா, வா. அடுப்புகிட்ட உக்காரு. நாளைக்கு நர்ஸ் வருது. வரட்டுமே. பதினோரு நாளா ஒரு தட்டு மிச்சம் வைக்கல."

டெல்ஃபியா மேசையோரம் உட்கார்ந்திருந்தாள். கோட்டு அவளைப் போட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. கன்னம் சிவந்துதான் இருந்தது, குளிரில் வெடித்து.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெர்னா சொல்லிவிட்டாள். ஆர்பினின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எழுந்து போய்ப் பாத்திரம் வைக்கும் அலமாரியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். அங்கே இவர் கழுவி வைத்த தட்டுகள்தான் இருந்தன. அவள் தட்டு ஒன்றுகூட இல்லை.

"கண்ணு தெரியலம்மா. தடம் கெடந்திருக்குமே, தெரியலியே." பிறகு கேட்டார், "அந்த எடம்?"

"க்ளைடுக்குக் குடுத்தாச்சுண்ணே."

"ஆமா. நாந்தானே குடுக்கச் சொன்னேன்."

வெர்னா பரபரவென்று ஒரு தட்டைச் சூடு பண்ணினாள். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குரல் கொடுத்தாள். "டெல்ஃபியா ஸ்டிடம்! சாப்பாடு!"

கதவு திறந்தது. "என் பேரு இருக்கா?"

வண்டியில் இருந்தது டவுன் லிஸ்ட்தான். அதன் கடைசியில் பேனாவால் டெல்ஃபியாவின் பெயரை எழுதி நீட்டினாள். டெல்ஃபியா விரலை வைத்துப் படித்துக்கொண்டே இறங்கினாள். க்ளைடின் பெயரைத் தாண்டியதும் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தக் கண்ணில் ஆள் அடையாளம் தெரிந்தது.

"என்னடி வெர்னா, ஏமாத்தப் பாக்கறியா? கையால எழுதின பேரு செல்லாதுன்னு என்னை அந்தக் கிழி கிழிச்ச. இப்ப நீயே எழுதற?"

"அக்கா, அது அப்ப. இப்ப நான் சொல்றேன், செல்லும். சாப்பிடுக்கா."

"போடி. யாரு சோத்தையோ எனக்குக் குடுக்காத." லிஸ்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே வெர்னா ஆபீசில் உட்கார்ந்து புதிதாக ஒரு தாளை அச்சடித்தாள். ஸ்பைஸ்வுட் ஓடை ரோடு என்று மேலே தலைப்பு, கீழே டெல்ஃபியா ஸ்டிடம் என்று பெயர், நேரே கையெழுத்துக்குக் கோடு. மேலாபீஸ் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். மறுநாள் தன் கையாலேயே பயறும் ரொட்டியும் தட்டில் போட்டு, ஒட்டி மூடி, மடியில் வைக்காத குறையாகக் கொண்டுபோனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வீட்டின் முன்னால் வெள்ளை வேன் நின்றது. நர்ஸ் காலை எட்டு மணிக்கே வந்து எடை பார்த்துவிட்டாள். எழுபத்தொன்பது. டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறாள். முதலில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம். டெல்ஃபியாவை வேனுக்குள் உட்கார வைத்துப் போர்வை சுற்றியிருந்தார்கள். வேன் என்றதும் அவள் தகராறு பண்ணாமல் ஏறிக்கொண்டாளாம், வேலைக்குக் கிளம்புகிற மாதிரி. ஆர்பின் ஒரு காகிதப் பையில் அவள் இரவு உடையையும் சீப்பையும் வைத்துக்கொண்டு படியில் நின்றார். நர்ஸ் அதை வாங்கிக்கொள்ள இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"ஒரு நிமிசம்" என்றாள் வெர்னா. வேன் கதவருகே போய் நிமிர்ந்து நின்று கூப்பிட்டாள். "டெல்ஃபியா ஸ்டிடம்! சாப்பாடு!"

டெல்ஃபியாவின் முகம் மலர்ந்தது. "என் பேரு இருக்கா?"

"இருக்குக்கா. அச்சடிச்சு இருக்கு. பாரு."

விரல் தாளின் மேல் இறங்கியது. பெயரைக் கண்டுபிடித்தது. பேனாவை வாங்கிக்கொண்டாள். அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள்.

"ஓவா எங்க?"

வெர்னா கையெழுத்துக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"டீட்டன் பொண்ணுங்க எங்க? ஹார்லன் எங்கடி? எல்லாப் பேரையும் அடிச்சிட்டியா?"

"அக்கா, அவங்க..."

"ரெண்டு தடவை கதவு திறக்கலேன்னா அடிச்சிருவ நீ. எனக்குத் தெரியும். மாட்டப் பாக்கப் போயிருப்பாங்கடி. வந்து பாத்தா சோறு இருக்க வேணாமா?" அவள் தாளை விரலால் தட்டினாள். "ஒத்தப் பேருக்கு எவனாவது வண்டி அனுப்புவானா? ரோட்டையே மூடிருவாங்க. மொதல்ல அவங்களுக்குக் குடு. அவங்க தின்ன அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

பேனாவைத் தாளின் மேல் வைத்து, தாளைத் தட்டின் மேல் வைத்து, மூன்றையும் வெர்னாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். நர்ஸ் மணி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வேன் ஓடை ரோட்டில் இறங்கி வளைவில் மறைந்தது.

"தின்னாளா?" என்று கேட்டார் ஆர்பின் படியிலிருந்து. அந்தத் தூரத்துக்கு அவருக்குக் கண் தெரியாது.

வெர்னா தட்டை வண்டிக்குள் வைத்தாள். "தின்னாங்கண்ணே" என்றாள்.

"அது போதும்" என்றார் ஆர்பின். போகவர நூற்று நாற்பது மைல் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே விறகு எடுக்கப் போனார்.

இறங்கும் வழியில் வெர்னா முதல் வளைவில் வண்டியை நிறுத்தினாள். தட்டில் இன்னும் சூடு இருந்தது. ஓவா ஸ்லோனின் தாழ்வாரத்தில் ஏறி நாற்காலியில் அதை வைத்தாள். நேற்று அவள் வீசிய கல் பனியில் பாதி புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துத் துடைத்து, தட்டின் மேல் வைத்தாள்.